ஆகாய கங்கைக்கு ஒரு நாள்: ஏறும் நேரத்தை முதலில் ஒதுக்குங்கள்

மலைக்குப் போகிறவர்கள் வழக்கமாக முதலில் ஏறுவார்கள், பிறகு இறங்குவார்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் பாதியிலேயே திரும்பிவிடலாம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு அப்படிப் போக முடியாது. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில் தொடங்கும் படிக்கட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. போகும்போது கால் தானாகவே போகும், பேச்சும் சிரிப்புமாக இறங்கிவிடுவோம். குளித்து, பசித்து, ஈரத் துணியோடு நிற்கும்போதுதான் அத்தனை படியும் தலைக்கு மேலே இருப்பது தெரியும். திரும்பி வர வேறு வழியும் கிடையாது. அதனால் இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது, முதலில் திரும்பி ஏறுவதற்கு நேரத்தை ஒதுக்குங்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் மற்றதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க இலக்கியம் சொல்லும் இடம் இதுதான். அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைமேல் முக்கிய ஊர் செம்மேடு. அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம், மிளகுக் கொடி படர்ந்த மரங்களையும் பலா, வாழைத் தோட்டங்களையும் கடந்து போனால் கோயில் வரும். நாமக்கல், சேலம், ராசிபுரத்திலிருந்து மலைக்குப் பேருந்துகள் உண்டு. பேருந்தில் போகிறவர்கள் இறங்கும்போதே நடத்துனரிடம் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். அன்றைய திட்டம் முழுவதும் அந்த ஒரு நேரத்தை வைத்துத்தான் அமையும்.

எந்த மாதம் போகலாம்? மழைக்காலம் முடிந்து வரும் வாரங்கள் மிக நல்லவை. டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் அருவியில் நீர் நன்றாக இருக்கும், வெயிலும் உறைக்காது. மார்ச், ஏப்ரலில் நீர் மெலிந்துவிடும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலை முழுக்கக் கூட்டம். விழாவைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது போகலாம். அருவியில் நிதானமாகக் குளிக்க வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள். கனமழை பெய்தால் வனத்துறை அருவிக்குப் போகும் வழியை மூடிவிடும். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் மலையில் மழை எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினால், செம்மேட்டில் சிற்றுண்டி முடித்து 9 மணியளவில் கோயிலை அடையலாம். வளைவுகளில் குமட்டுகிறவர்கள் வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது. ஒன்பதரைக்குப் படி இறங்கத் தொடங்கினால் முக்கால் மணி நேரத்தில் அருவி. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் குளித்துவிட்டு, பதினொன்றரைக்கு ஏறத் தொடங்குங்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல உடல்வாகு உள்ளவர் இதைவிடச் சீக்கிரம் வந்துவிடுவார். ஆனால் குழுவின் கணக்கு எப்போதும் மெதுவாக நடப்பவரை வைத்துத்தான். இப்படிப் போனால் பிற்பகல் ஒரு மணிக்கு மேலே வந்துவிடலாம். மாலையில் படிக்கட்டில் இறங்க அனுமதிப்பதில்லை. கடைசி நேரமும் நுழைவுக் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

காலையிலேயே போகச் சொல்வதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. வெயில் காலத்திலும் மழைக்கு முந்தைய மாதங்களிலும் மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகாய கங்கையில் விழுவது ஐயாறு. அது மலைமேல் உள்ள பரந்த சமவெளியில் ஓடைகளாகச் சேர்ந்து வந்து, ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மேலே எங்கோ பெய்கிற மழை, கீழே பாறைச் சுவர்களுக்கு நடுவில் நிற்கும் நமக்குத் தெரியாது. நம் தலைக்கு மேல் வானம் வெளிறியே இருக்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியுமாக அடித்துவருவது, அருவியின் இரைச்சல் கனப்பது, காலடிப் பாறையில் நீர்மட்டம் ஏறுவது என்று எதைக் கண்டாலும் அந்த நொடியே கரையேறிவிடுங்கள். செருப்பையும் பையையும் தேடி நிற்க வேண்டாம். நான் இந்தப் பத்தியை மட்டும் குழந்தைகளுக்கும் படித்துக்காட்டச் சொல்வேன்.

அருவி நேராகத் தலையில் விழும் இடத்துக்குப் போக வேண்டாம். அவ்வளவு உயரத்திலிருந்து நீரோடு ஒரு சிறு கல் வந்தாலும் மண்டை உடையும். தடுப்புக்கு இப்பால் நின்றாலே சாரல் உடம்பு முழுக்க நனைத்துவிடும். பாசி படிந்த பாறையில் வெறுங்காலும் வழுக்கும், தேய்ந்த ரப்பர் செருப்பும் வழுக்கும். அடிப்பாகத்தில் பிடிமானம் உள்ள, பின்வார் போட்ட செருப்பு போதும். விலை உயர்ந்த ஷூ தேவையில்லை.

இறங்கும்போது தொடைத் தசைகள் ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப் பிடித்து நிறுத்துகின்றன. கீழே போய் நின்றதும் கால் நடுங்குவது அதனால்தான். ஏறும்போது வேலை இதயத்துக்கும் மூச்சுக்கும் மாறுகிறது. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் படிகளில் இறங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பாட்டியைக் கூட்டிப்போனால் அவர் கோயிலில் சாமி கும்பிட்டு, பக்கத்து ஓடையில் மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டு இருக்கட்டும். எல்லோரும் சேர்ந்து குளிக்க, அதே மலையில் மாசிலா அருவியும் நம்ம அருவியும் இருக்கின்றன. அங்கே இவ்வளவு படி கிடையாது.

பையில் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கடலை மிட்டாய், துண்டு, மாற்றுத்துணி இருந்தால் போதும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும். பள்ளத்தில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். பிரிந்து போகாமல், எத்தனை மணிக்கு எங்கே கூடுவது என்று மேலேயே பேசிவிடுங்கள்.

அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியாக ஆகாய கங்கைக்கு ஏறலாம் என்று சிலர் ஆசைகாட்டுவார்கள். அது காப்புக்காடு. வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த ஆளும் இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் புல் காய்ந்திருக்கும் மலைச்சரிவில் தீ, மனிதர் ஓடும் வேகத்தைவிட வேகமாக ஏறும். தமிழ்நாட்டில் காட்டு நடைக்கு விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

சொந்த வண்டியில் வந்தவர்கள் இருட்டுவதற்குள் வளைவுகளைக் கடந்துவிடுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பை எதையும் கீழே கொண்டுபோக வேண்டாம். ஆகாய கங்கையில் நீங்கள் குளிக்கும் தண்ணீர்தான் காட்டுக்குள் ஓடி, புளியஞ்சோலையில் வேறு குடும்பங்கள் குளிக்கும் ஆறாக இறங்குகிறது.