காய்ந்த குழாயில் ஏறிய கிருமி

ஹாங்காங்கின் கௌலூன் பகுதியிலுள்ள அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் ஒவ்வொரு பிளாக்கும் 33 மாடி, மாடிக்கு எட்டு வீடு. 2003 மார்ச்சில் அங்கே சார்ஸ் புகுந்தது. 300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்; 42 பேர் இறந்தார்கள். நெருக்கியடித்து வாழ்ந்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ‘இ’ பிளாக்கில் மட்டும் இருந்தார்கள். அங்கேயும் கீழ்மாடிகளில் குறைவு, நடுமாடிகளிலும் மேல்மாடிகளிலும் அதிகம். லிஃப்ட் பொத்தானில் ஒட்டிய கிருமி இப்படி மாடி பார்த்துப் பரவாது.

ஷென்ஜெனிலிருந்து தம் சகோதரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு சிறுநீரக நோயாளியிடம் தொடங்கியது இது. அவருக்குச் சார்ஸோடு வயிற்றுப்போக்கும் இருந்தது. மலத்திலும் வைரஸ் வெளியேறியது. கழிப்பறைக் கழிவும் குளியலறைத் தரை வடிகாலும் ஒரே செங்குத்துக் குழாயில்தான் சேர்ந்தன. வடிகாலுக்கு அடியில் யு வடிவ வளைவு ஒன்று உண்டு. நம்மூர் பிளம்பர்கள் சொல்லும் நானி டிராப் செய்கிற வேலைதான் அதற்கும். அதில் தேங்கும் கொஞ்சம் தண்ணீர்தான் குழாய்க் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கும். பலர் குளியலறையைக் கழுவிவிடாமல் துடைத்து மட்டும் வந்ததால், அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் அறைக்குள் காற்றழுத்தம் குறையும். குறைந்ததும் காய்ந்த வடிகால் வழியே குழாய்க்காற்று நுண்துளிகளோடு உள்ளே ஏறும். அதே ஃபேன் அதை வெளியே தள்ளும். எங்கே? பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னல்கள் எதிரெதிரே திறக்கும், ஒன்றரை மீட்டர் அகலமே உள்ள சந்துக்குள். ஈரமும் சூடும் கலந்த காற்று அதில் மேலெழுந்து, திறந்திருந்த ஜன்னல்களில் நுழைந்தது. ஆய்வாளர்கள் இக்னேஷியஸ் யூ, யூகுவோ லி குழுவினர் கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு, நோயாளிகள் இருந்த வீடுகளோடு ஒப்பிட்டு, இந்த முடிவை 2004இல் வெளியிட்டார்கள். எலிகள் பரப்பியிருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது; ஆனால் மாடிக்கணக்கைக் காற்று விளக்குகிற அளவுக்கு எலி விளக்கவில்லை.

2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவாது என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. அமோய் கார்டன்ஸை மறந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். அதே ஆண்டு குவாங்சௌவில் ஓர் அடுக்குமாடியின் 15, 25, 27ஆம் மாடிகளில், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த மூன்று வீடுகளில் கோவிட் வந்தது. ஆய்வாளர்கள் அங்கே கழிவுக்குழாயில் ஈத்தேன் வாயுவை விட்டுப் பார்த்தார்கள். அது மேல்வீட்டுக் குளியலறைகளில் வெளிப்பட்டது.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது ஹாங்காங் சுகாதாரத் துறை. ஆளுக்கு மறதி உண்டென்று தெரிந்த அங்குள்ள வீட்டுவசதித் துறையோ, புதிய அரசுக் குடியிருப்புகளில் குழாயையே மாற்றிவிட்டது: வாஷ்பேசினில் கை கழுவும் தண்ணீர் போகிற வழியிலேயே தரை வடிகாலின் வளைவையும் நிரப்பிவிடும்.