தாய்ப்பாலும் ஒவ்வாமையும்

கைக்குழந்தையின் தோலில் தடிப்புக் கண்டால், தாய் உண்ட உணவே காரணமென்று அவள்மீது பழி சுமத்தும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. உடனே நிலக்கடலை, முட்டை, மீன் யாவும் அவளுக்கு விலக்கப்படுகின்றன. உடல் தேறவேண்டிய காலத்தில் அவள் மெலிகிறாள். இது அவசியந்தானா என்பதை வில்லாபுரத்து நெசவாளரும் சுற்றுப்புறக் குடியானவரும் சிந்தித்தல் நலம்.

ஒவ்வாமை என்பது யாது? நோயை எதிர்க்கும் சக்தி, தீங்கற்ற பொருளையும் பகையென்று கருதி எதிர்ப்பதே ஒவ்வாமை. பசும்பாலின் புரதம் சில குழந்தைகளுக்கு இவ்விதம் ஒவ்வுவதில்லை.

பிரசவமானதும் சுரக்கும் சீம்பாலில் குழந்தையின் குடலைக் காக்கும் பொருள்கள் நிறைந்துள்ளன. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டுவது தவறு. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தரவேண்டும்; ஆறு மாதம்வரை தண்ணீரும் வேண்டுவதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தாய்ப்பால் எல்லா ஒவ்வாமையையும் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. முதல் மூன்று நான்கு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால், இரண்டு வயதுவரை கரப்பான் வருவது குறையக்கூடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் தெரிவித்தது. ஒவ்வாமையைத் தடுப்பதற்கென்று தாய் பத்தியம் இருக்கத் தேவையில்லை என்பதும் அதன் கருத்தே. குழந்தையின் மலத்தில் இரத்தம் கண்டால் மருத்துவரைக் கேட்டு நடக்கவேண்டும்.

நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர்க்கு ஒரு செய்தி. லண்டனில் ஒவ்வாமை வரக்கூடிய 640 குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2015-இல் வெளிவந்தது. கடலையை அறவே விலக்கிய குழந்தைகளில் நூற்றுக்குப் 17 பேருக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. சிறுவயதிலேயே உண்டவர்களில் 3 பேருக்கே இருந்தது. ஆகவே ஆறு மாதம் நிறைந்ததும், தாய்ப்பாலை நிறுத்தாமல், நன்கு அரைத்த கடலையைக் கூழில் சிறிது கலந்து தரலாம். முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், தரலாகாது. கடுங்கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பின்னரே தரவேண்டும். உணவுக்குப்பின் முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ தாமதியாமல் 108 வண்டியை அழைக்கவேண்டும்.

பால் மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தை இந்தியச் சட்டம் 1992-லேயே தடுத்துவிட்டது. தக்க காரணமின்றி மாவு டப்பாவிற்குக் கடன்படுதல் குடும்பத்திற்கு நஷ்டமே. தார் சுற்றும் தாய்க்கும் களையெடுக்கும் தாய்க்கும் பாலூட்ட வேளையும், நிழலான இடமும், வயிறார உணவும் வேண்டும். இவற்றை அளிப்பது குடும்பத்தாரின் கடமை. வேலையிடத்தில் வசதி செய்து தருவது சங்கத்தின் கடமை. அடுத்த கூட்டத்தில் இதை ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.