24 மணி நேரம்... 42 சிகரங்கள்!

நாலு மாடி ஏறினாலே 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடுகிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர் பாப் கிரஹாம். 1932-ல் சுற்றியுள்ள 42 சிகரங்களை ஏறி இறங்கி, 24 மணி நேரத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். தூரம் சுமார் 106 கிலோ மீட்டர். ஏற்றம் மட்டுமே கிட்டத்தட்ட 8,200 மீட்டர். எவரெஸ்ட் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்! இன்னொருவர் இதைச் செய்து முடிக்க 1960 வரை ஆயிற்று. இன்றைக்கும் இதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள்.

எப்படி?

முதல் பாடம், நிதானம். செங்குத்தான ஏற்றத்தில் பெரும்பாலோர் ஓடுவதே இல்லை. தொடையில் கையை ஊன்றி, விறுவிறுவென்று நடக்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடினோம் என்பதோடு, எத்தனை மீட்டர் ஏறினோம் என்றும் கணக்கு வைக்கிறார்கள்.

'இறங்குவது சுலபம்தானே?' என்கிறீர்களா? அதுதான் இல்லை! ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதோ முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மலைக்கோயில் படி இறங்கி வந்த மறுநாள் கால் 'விண்விண்' என்று வலிப்பது இதனால்தான். நல்ல சேதி... ஒருமுறை பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. அதனால் இறக்கத்துக்கென்றே தனிப் பயிற்சி உண்டு.

வயிற்றுக்கும் பயிற்சி!

நீண்ட ஓட்டத்தில் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே ஓடிப் பழகுகிறார்கள். தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் சிறுநீரகத்துக்குக் கேடு.

எல்லாவற்றையும்விட முக்கியம், திரும்பி வரத் தெரிவது. அந்த மலைகளில் கோடையில்கூட மூடுபனியும் குளிர்மழையும் வரும். உடம்பு வெடவெடக்கிறதா, நாக்கு குழறுகிறதா, கால் தடுமாறுகிறதா? 40-வது சிகரமாக இருந்தாலும் சரி, இறங்கிவிட வேண்டியதுதான். மலை அங்கேயேதான் இருக்கும்!

நமக்கு 42 சிகரம் வேண்டாம். மாடிப்படி போதும். இன்றைக்கு ஒரு மாடி, பழகியதும் இரண்டு. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக. இதய நோய், சர்க்கரை, முட்டிவலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே, நாளைக்கு லிஃப்ட்டை மறந்துவிடுவீர்கள்தானே?