இனிப்பு நீர்: ‘இரண்டு மடங்கு’ என்றால் என்ன?

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அசாம் ஜாவா வட்டாரத்தில் இனிப்பு நீர் என்ற பேச்சு அடிபடாத தமிழ்க் குடும்பம் இருப்பது அரிது. அப்பாவுக்கு வந்துவிட்டது, அத்தைக்கு வந்துவிட்டது, அடுத்து யாருக்கு என்ற பயம் பிள்ளைகளுக்கு உண்டு. இந்நிலையில் ‘இந்தியர்களுக்கு இரண்டு மடங்கு’ என்று யாராவது சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

எதில் இரண்டு மடங்கு? அந்தக் கேள்விக்கு விடை, புள்ளியியலில் ‘லாஜிட்’ எனப்படும் கணக்கில் இருக்கிறது.

உண்டும் இல்லையும்

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. (2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது.)

2019ஆம் ஆண்டுக் கணக்கில் 31.4ஐ 18.3ஆல் வகுத்தால் 1.7 மடங்குதான் வருகிறது. ஆனால் புள்ளியியலாளர்கள் வேறு விதமாகவும் பார்ப்பார்கள். ஆயிரம் இந்தியர்களில் நோய் உள்ளவர் 314, இல்லாதவர் 686. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.46. நாடு முழுமைக்கும் 183ஐ 817ஆல் வகுத்தால் 0.22. இந்த ‘உண்டு - இல்லை’ விகிதத்தை ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. இரண்டு கணக்கும் சரியே. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

ஏன் இந்தச் சுற்று வழி?

விழுக்காட்டை நேரடியாகக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஒருவருக்கு 90 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது, உடல் பருமனுக்காக இன்னும் 20 சேர்த்தால் 110 ஆகிவிடும். அப்படி ஒரு வாய்ப்பு உலகில் இல்லை.

‘உண்டு - இல்லை’ விகிதத்தில் இந்தச் சிக்கல் வராது. 90 விழுக்காடு என்பது ஒன்பதுக்கு ஒன்று. அதை இரட்டிப்பாக்கினால் பதினெட்டுக்கு ஒன்று, அதாவது சுமார் 95 விழுக்காடு. எத்தனை முறை பெருக்கினாலும் நூறைத் தாண்டாது.

இந்த விகிதத்துக்கு லோகரிதம் எடுத்தால் கிடைப்பதே லாஜிட். 50 விழுக்காட்டுக்கு அது பூஜ்யம். 75க்கு 1.1, 25க்கு கழித்தல் 1.1. பெருக்கல் கூட்டலாக மாறிவிடுவதால் வயது, எடை, பரம்பரை ஆகிய ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டலாம். அமெரிக்கரான ஜோசப் பெர்க்சன் 1944இல் இப்பெயரைச் சூட்டினார். 1967இல் ஃபிராமிங்ஹாம் நகர இருதய ஆய்வு, பல காரணங்களை ஒரே நேரத்தில் எடைபோட இம்முறையைப் பயன்படுத்தியது.

விதியா, எடையா?

31.4 என்ற எண் மட்டும், காரணம் இனமா, வயதா, எடையா, உணவா என்று சொல்லாது. அவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் லாஜிட் உதவுகிறது. இனத்தையும் வயதையும் யாராலும் மாற்ற முடியாது. எடையையும் நடையையும் மாற்றலாம்.

ஓர் உதாரணம். எடை குறைத்ததால் ஒருவரின் விகிதம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு வாய்ப்பு உள்ளவருக்கு அது சுமார் 5 ஆகும். 50 விழுக்காடு உள்ளவருக்கோ 33 ஆகும். முதலாமவருக்குக் குறைவது 5, இரண்டாமவருக்கு 17. ஆபத்து கூடுதலாக உள்ள குடும்பத்தில் பிறந்தவர் ‘எப்படியும் வரத்தான் போகிறது’ என்று கையை விரிப்பது எவ்வளவு தவறு என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

2019 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த 18.3 விழுக்காட்டில் 8.9 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. ஏறக்குறைய பாதிப் பேர்! எந்தக் கணக்கும் ஒருவரைப் பார்த்து ‘உனக்கு உண்டு’ என்றோ ‘உனக்கு இல்லை’ என்றோ சொல்லாது. அதைச் சொல்ல அரசாங்க கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும்.