கசாயமும் குளிசையும்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் சாலை அளம்பிலையும் செம்மலையையும் கடந்து நாயாற்றுப் பாலத்தை அடைகிறது. கிழக்கே பெருங்கடல், மேற்கே கடல்நீரேரி. கடற்றொழிலை நம்பி வாழும் இக்கரையோர வீடுகளில் இருவகை மருந்துகள் அருகருகே குடியிருக்கின்றன. வேலியிலே கொவ்வையும் முடக்கொத்தானும் படர்ந்திருக்கும். கோடியிலே முருங்கை நிற்கும். உள்ளே, சுவரில் தொங்கும் பையிலே மாஞ்சோலை மாவட்ட வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியும், நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் உரிய குளிசைகளும் இருக்கும். காலையில் குளிசை, மாலையில் கசாயம். பரியாரியாரிடம் போகும்போது குளிசையைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. கிளினிக்குக்குப் போகும்போது கசாயத்தைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. ஆனால் இரண்டும் சென்று சேர்வது ஒரே குருதியில்.

இந்தச் சந்திப்பை அளந்து பார்த்த ஆய்வொன்று நம் தீவிலேயே நடந்திருக்கிறது. ஆவாரம்பூத் தேநீரும் முடக்கொத்தான் தேநீரும் இலங்கை மக்கள் வழிவழியாகப் பருகி வருபவை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் கார்பமசெபின் என்னும் மருந்தோடு இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன நிகழும் என்று ஐரா தாப்ரூவும் உடன் ஆய்வாளர்களும் எலிகளில் சோதித்து, முடிவை 2004இல் வெளியிட்டார்கள். முடக்கொத்தான் மருந்தின் அளவைக் குறிப்பிடத்தக்க வகையில் மாற்றவில்லை. ஆவாரையோ குருதியிலிருந்த கார்பமசெபின் அளவை ஏறத்தாழ 47 விழுக்காடு உயர்த்திவிட்டது. கொடுத்த மருந்தின் எடை கூடவில்லை. உடலில் நின்ற மருந்தின் அளவு மட்டும் கூடியது.

அவ்வெலிகளில் நச்சுக்குறிகள் மிகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் கார்பமசெபின் மிகக் குறுகிய எல்லைக்குள் பயன் தரும் மருந்து. அளவு குறைந்தால் வலிப்பு திரும்பும். கூடினால் தலைசுற்றும், பார்வை இரட்டைப்படும், நடை தள்ளாடும். படகில் நின்று வலை இழுக்கும் ஒருவருக்கு இவற்றுள் எது நேர்ந்தாலும் உயிருக்கே ஊறாகலாம்.

ஒரு மூலிகை இன்னொரு மருந்தின் அளவை எவ்வாறு மாற்றுகிறது? வாய்வழி உட்கொள்ளும் மருந்து குடற்சுவரையும் ஈரலையும் கடந்தே உடலெங்கும் பரவ வேண்டும். அவ்விரண்டிலும் அயற்பொருள்களைச் சிதைக்கும் நொதியங்கள் இருக்கின்றன. குடற்சுவரிலே, உள்ளே நுழைந்த மருந்தை மீண்டும் குடலுக்குள் தள்ளிவிடும் புரதங்களும் உண்டு. இத்தடைகளால் இழக்கப்படும் பங்கையும் கணக்கிலெடுத்தே குளிசையின் அளவு வகுக்கப்படுகிறது. ஒரு மூலிகை அந்த நொதியத்தை முடக்கினால் மருந்து சிதையாமல் தேங்கும். நொதியத்தை மிகுவித்தால் மருந்து வேலை செய்யுமுன்பே அழியும்.

இரண்டாவது வழியின் கொடுமையைச் சூரிச் நகர மருத்துவர்கள் கண்டார்கள். மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர் மனச்சோர்வுக்காக ஐரோப்பியரின் புனித யோவான் பூண்டை உட்கொண்டனர். புதிய இதயத்தை உடல் எதிர்க்காதபடி காத்துவந்த சைக்ளோஸ்போரின் மருந்தை அப்பூண்டு விரைந்து சிதையச் செய்தது. இருவரின் உடல்களும் இதயத்தை எதிர்க்கத் தொடங்கின. பூண்டை நிறுத்தியபின் மருந்தளவு மீண்டது. இச்செய்தி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முதலாவது வழிக்கு நம் சமையலறையே சான்று தரும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பரின், மேற்சொன்ன நொதியத்தையும் வெளித்தள்ளும் புரதத்தையும் ஒருங்கே தடுக்கிறது. 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரினைச் சேர்த்து மனிதர்க்குக் கொடுத்தபோது, குருதியை அடைந்த குர்குமினின் அளவு பன்மடங்கு பெருகியது. காசநோய்க்கான ரிபாம்பிசினைக் குறைந்த அளவில் பிப்பரினோடு சேர்த்த மருந்தொன்று 2009இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய திரிகடுகத்தைப் பிற மருந்துகளோடு சேர்த்த நம் முன்னோரின் முறையிலே ஆழ்ந்த பட்டறிவு இருந்ததென்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஆற்றல் வேண்டிய மருந்து, வேண்டாத மருந்து என்று பார்ப்பதில்லை. வலிப்புக்குரிய பெனிற்றொயின் மருந்தின் அளவையும் பிப்பரின் உயர்த்துகிறது. இரசத்தில் இடும் மிளகைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரண்டி கரண்டியாக நாள்தோறும் உண்ணும் திரிகடுகச் சூரணத்தையே கருத வேண்டும்.

நொதியத்தோடு தொடர்பில்லாத இன்னொரு வழியும் உண்டு. மூலிகையும் குளிசையும் ஒரே வேலையைச் செய்தால் இரண்டின் பயனும் கூடிவிடும். நீரிழிவிலே நாம் மிகுதியாகக் காண்பது இதுவே. இலங்கை நீரிழிவு நோயாளரிடையே நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்கினர் மூலிகைகளையும் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. முதலிடம் கொவ்வைக்கு, பாவற்காயும் முன்வரிசையில் நின்றது. கொவ்வை இலை குருதிச் சர்க்கரையைக் குறைப்பதை நலமுடைய தொண்டர்களிடம் சோதித்த இலங்கை ஆய்வு 2011இல் வெளிவந்தது. பாவற்காயின் கதை அதற்கும் முந்தியது: குளோர்ப்ரோபமைட் குளிசை எடுத்துவந்த ஒரு பெண்ணுக்குக் கறியிலிட்ட பாவற்காய் சர்க்கரையை மேலும் இறக்கியதை 1979இல் இங்கிலாந்திலிருந்து அறிவித்தார்கள். சென்னையில் சிறுகுறிஞ்சாச் சாற்றை 22 நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஐவர் தம் வழமையான குளிசைகளையே விடக்கூடிய நிலையை எய்தினர்.

இம்முடிவுகள் மூலிகையின் பெருமையைப் பறைசாற்றுகின்றன என்பார்கள். மெய்தான். ஆனால் சென்னை நோயாளரின் குருதி தொடர்ந்து அளக்கப்பட்டது. குளிசையைக் குறைத்தது மருத்துவர். அளப்பாரின்றிக் குளிசையையும் முழு அளவில் விழுங்கி, கொவ்வை இலைச் சாற்றையும் குடித்து, இரவு உணவைக் குறைத்துக்கொண்டு கடலுக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். உடலுழைப்பும் சர்க்கரையை எரிக்கிறது. நள்ளிரவில் வியர்வை பெருகும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், மயக்கம் வரும். கரையிலென்றால் சீனித் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றலாம். நடுக்கடலில் அதைக் கள்வெறி என்றோ களைப்பு என்றோ உடனிருப்பவர் எண்ணிவிடக்கூடும். நீரிழிவுக் குளிசை எடுப்பவர் படகிலே சீனியோ சர்க்கரையோ வைத்திருப்பது நன்று.

பயன் கூடுவதுபோலவே, ஒன்று மற்றொன்றை எதிர்ப்பதும் உண்டு. செயற்கை வால்வு பொருத்திய இதய நோயாளர் வாபரின் எடுப்பர். குருதி உறைவதற்கு வேண்டிய உயிர்ச்சத்து கே-யின் வேலையைத் தடுப்பதே அதன் தொழில். முருங்கையிலை போன்ற கரும்பச்சைக் கீரைகளில் அந்த உயிர்ச்சத்து நிறைந்திருக்கிறது. ஆகவே பல வாரம் கீரையே தொடாதிருந்து, திடீரென நாள்தோறும் வறை உண்ணத் தொடங்கினால் மருந்தின் வலு குன்றும். கீரையை விலக்கச் சொல்லவில்லை; கிழமைதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணுங்கள் என்பதே அறிவுரை. இருமல் கசாயங்களில் சேரும் அதிமதுரமும் எச்சரிக்கைக்குரியது. நெடுநாள் மிகுதியாக உண்டால் அது உடலில் உப்பைத் தேக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்தும், பொட்டாசியத்தை வெளியேற்றும். சிறுநீர் பெருக்கும் பிரூசமைட் குளிசையும் பொட்டாசியத்தை இறைக்கும். கூடவே டிகொக்சினும் எடுப்பவருக்கு இதயத்துடிப்பே தடுமாறலாம். சிறுநீரக நோய் பரவியுள்ள வன்னியிலே இவ்வெச்சரிக்கை இன்னும் கூர்மை பெறுகிறது; தளர்ந்த சிறுநீரகம் பல மருந்துகளை உரிய வேளையில் வெளியேற்றாது.

இயற்கையானது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. வல்லமை உள்ள பொருள் எதுவும் நன்மையோடு தீமையும் செய்ய வல்லதே. டிகொக்சின் ஒரு பூச்செடியிலிருந்து பெறப்பட்டது. மெற்போமினின் மூலமும் ஒரு செடியே. நம் சித்த மருத்துவமும் இதை அறியாததன்று. எந்த மருந்தைத் தேனில், எதை நெய்யில், எதைப் பாலில் கொடுப்பது என்ற அனுபான முறையும், மருந்துண்ணும் காலத்தில் எதை விலக்குவது என்ற பத்தியமும், சேர்க்கையால் மருந்தின் குணம் மாறும் என்ற அறிவிலிருந்தே பிறந்தவை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர் வகுத்த எல்லையும் உண்டு. இன்றோ, ஆண்டுக்கணக்கில் குளிசை எடுக்கும் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் சூரணமும் செல்கிறது. முன்னோர் காணாத சேர்க்கை இது. பரியாரியாரின் பத்தியப் பட்டியலில் குளிசையும் இடம்பெற வேண்டிய காலம் வந்துவிட்டது.

கிளினிக் வைத்தியருக்கும் ஒரு சொல். மூலிகை குடித்ததாகச் சொல்லும் முதியவரை அதட்டினால், அடுத்தமுறை அவர் வாயே திறக்கமாட்டார். அதட்டாமல், என்ன இலை, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்பதே முறை.

கிளினிக்குக்குச் செல்வோரே, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் உண்ணும் இலை, வேர், சூரணம், லேகியம் யாவற்றையும் பெயரெழுதி வையுங்கள். பெயர் தெரியாவிடில் போத்தலையோ பொட்டலத்தையோ கையோடு கொண்டுசெல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பரியாரியாரிடம் செல்லும்போதும் அதே கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். புதிய கசாயம் தொடங்கியபின் மயக்கமோ நடுக்கமோ குருதிக் கசிவோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஆண்டுக்கணக்கில் எடுத்துவந்த குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.