பெட்டியில் பாண்டிச்சேரி பெயர். உள்ளே பல தேசத்துச் சரக்கு! தட்டாஞ்சாவடி பட்டறைக்கு ஆர்டர் வருமா?

புதுச்சேரி,

டெல்லியில் மந்திரி பேசுகிறார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனித் தலைவர் பேசுகிறார். இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை நாடுகளுக்கு ஏற்றுமதி என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வருகிறது.

புதுச்சேரி வழுதாவூர் ரோட்டில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை. சின்னச் சின்ன ஷெட்டுகள். லேத் சுற்றுகிற சத்தம், தகடு வெட்டுகிற சத்தம், வெல்டிங் பொறி. டீக்கடையில் பேப்பரைப் புரட்டுகிற பட்டறைக்காரர் மனசில் ஒரே ஒரு கேள்விதான்: "அதெல்லாம் சரிங்க, நமக்கு ஏதாச்சும் ஆர்டர் வருமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் இந்தத் தடவை பேச்சில் அடிபடும் ஊர் புதுச்சேரி!

வருஷத்துக்கு 50 ஆயிரம்

2024 செப்டம்பரில் லெனோவா கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு வேலைக்கான சர்வர்களைப் புதுச்சேரி ஆலையில் தயாரிக்கப் போவதாகச் சொன்னது. வருஷத்துக்கு 50 ஆயிரம் சர்வர்கள். அதோடு ஜி.பி.யு. எனப்படும் சக்திவாய்ந்த சில்லுகள் கொண்ட உயர்ரக எந்திரங்கள் 2 ஆயிரத்து 400. உள்நாட்டுக்கு மட்டும் அல்ல, ஆசிய-பசிபிக் நாடுகளுக்கும் இங்கிருந்து சரக்கு போகும் என்றும் சொல்லப்பட்டது. பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடமும் திறந்தார்கள்.

சர்வர் என்றால் என்னமோ ஏதோ என்று மலைக்க வேண்டாம். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். வீட்டில் இருப்பது மேஜையில் உட்காரும். இது இரும்பு அலமாரியில் அடுக்கடுக்காக, பீரோவில் டிராயர் மாதிரி ஏறி உட்காரும். செல்போனில் நாம் ஒரு கேள்வி கேட்டால் எங்கோ ஒரு கூடத்தில் இப்படிப்பட்ட எந்திரம்தான் பதிலைத் தேடிக் கொடுக்கிறது.

லெனோவா சீனாவில் பிறந்த கம்பெனி. ஹாங்காங் பங்குச் சந்தையில் இருக்கிறது. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை 2005-ல் விலைக்கு வாங்கியது. அந்த வழியாகத்தான் புதுச்சேரி ஆலையும் அதன் கைக்கு வந்தது. அமெரிக்கக்காரன் போட்ட ஆலை, சீனத்துக் கம்பெனி நடத்துகிறது, பாண்டிக்காரன் பூட்டுகிறான். எல்லை தாண்டிய வியாபாரம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

நீலத்துணி போன ஊர்

எல்லை தாண்டுவது பாண்டிக்குப் புதுசும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி, கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. "கினே" துணி என்று அதற்குப் பெயர். 19-ம் நூற்றாண்டில் மில்கள் வந்தன. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில்லைத்தான் பிற்காலத்தில் ஏ.எப்.டி. என்றார்கள். சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும். அந்த மில் 2020 ஏப்ரல் 30-ந்தேதி மூடப்பட்டது.

சுங்கச் சாவடி கதையும் உண்டு. இந்தியாவோடு இருந்த சுங்க உடன்படிக்கை 1949-ல் முறிந்தது. வெளிநாட்டுச் சரக்கு வரியில்லாமல் பாண்டியில் இறங்கியது. கைக்கடிகாரமும் வைரமும் இரவோடு இரவாக எல்லை தாண்டியது தனிக் கதை! ஒரு வயலில் கால் வைத்தால் பிரெஞ்சு ராஜ்யம், அடுத்த வயல் இந்தியா என்று இருந்த பூமி. வரி குறைந்த இடத்துக்கு வியாபாரம் ஓடி வரும் என்பதை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது.

1954 நவம்பர் 1-ந்தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ந்தேதி சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிறகு தொழில் வளர்க்க என்று 1974-ல் "பிப்டிக்" எனும் அரசுக் கழகம் வந்தது. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை என்று பேட்டைகள் பரவின. தொழில் வணிகத் துறை இயக்குநரகம் இருப்பதும் தட்டாஞ்சாவடியில்தான். பைல் நகர்வதும் இங்கே, லேத் சுற்றுவதும் இங்கே!

வரி வந்தது, வரி போனது

கம்ப்யூட்டர் கம்பெனிகள் பாண்டிக்கு ஏன் வந்தன? கடற்கரைக் காற்றுக்காக வரவில்லை. வரிச் சலுகைக்காக வந்தன.

1993-ல் மத்திய அரசு, பின்தங்கிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் புதுச்சேரியும் இருந்தது. அங்கே புதிய தொழிற்சாலை தொடங்கினால் முதல் ஐந்து வருஷத்துக்கு லாபத்தில் வருமான வரி கிடையாது. அடுத்த சில வருஷத்துக்கும் ஒரு பங்கு தள்ளுபடி. இதோடு இங்கே விற்பனை வரியும் குறைவு. விடுவார்களா? எச்.சி.எல். சேதராப்பட்டில் கம்ப்யூட்டர் ஆலை வைத்தது. தைவான் நாட்டு ஏசர் வந்தது. ஐ.பி.எம். வந்தது. கம்ப்யூட்டர் வாங்கினால் பெட்டியின் பின்பக்கம் "பாண்டிச்சேரி" என்று அச்சடித்திருந்த காலம் அது.

பிறகு மூன்று அடி, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது.

முதல் அடி சிங்கப்பூரில் தயாரானது. 1996 டிசம்பரில் அங்கே உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவானது. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வல்லரசு நாடுகளும் சேர்ந்து வற்புறுத்திய சமாச்சாரம். கம்ப்யூட்டர் சாமான்களுக்கு இறக்குமதி வரியே கூடாது என்பது அதன் சாரம். 1997-ல் இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. 2005-க்குள் படிப்படியாக வரி பூஜ்யம் ஆனது. சாப்ட்வேர் வியாபாரத்துக்கு அது நல்லதாகத்தான் போயிற்று. கம்ப்யூட்டர் விலையும் குறைந்தது. ஆனால் உதிரிபாகம் கொண்டுவந்து இங்கே பூட்டுவதற்கும், பூட்டிய கம்ப்யூட்டரை அப்படியே இறக்குவதற்கும் வரியில் வித்தியாசம் இல்லாமல் போனது. அப்புறம் எதற்கு ஆலை?

இரண்டாவது அடி இமயமலைப் பக்கமிருந்து வந்தது. 2003 ஜனவரியில் உத்தராஞ்சல், இமாசலப் பிரதேசம் இரண்டுக்கும் மத்திய அரசு சலுகை அறிவித்தது. உற்பத்தி வரி பத்து வருஷத்துக்கு முழு விலக்கு. வருமான வரியும் ஐந்து வருஷத்துக்கு இல்லை. எச்.சி.எல். ருத்ரபூரில் ஆலை போட்டது. லெனோவாவே தன் அடுத்த ஆலையைப் போட்டது பாண்டியில் இல்லை, இமாசலத்து பத்தியில்! புதுச்சேரிக்கான வருமான வரிச் சலுகையோ, 2004 மார்ச் 31-க்குள் உற்பத்தியைத் தொடங்கியவர்களோடு நின்றுவிட்டது.

மூன்றாவது, 2017 ஜூலை 1-ந்தேதி வந்த ஜி.எஸ்.டி. நாடு முழுக்க ஒரே வரி என்றானதும், பாண்டியில் விலை குறைவு என்ற பழைய பேச்சு பெரும்பாலான சாமான்களுக்கு முடிந்தது.

எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் 2013-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. சேதராப்பட்டு-கரசூரில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு என்று எடுத்த சுமார் 750 ஏக்கர் நிலம், மண்டலமும் வராமல் பயிரும் விளையாமல் பல வருஷம் கிடந்தது. நிலம் கொடுத்தவன் வயிறு எரியுமா எரியாதா?

அமெரிக்கா கேட்டது

இப்போது காற்று திரும்பியிருக்கிறது.

2023 மே மாதம் மத்திய அரசு கம்ப்யூட்டர் தயாரிப்புக்கு 17 ஆயிரம் கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. ஆகஸ்டு 3-ந்தேதி இன்னொரு அதிர்ச்சி: லேப்டாப், சர்வர் இறக்குமதி செய்ய லைசென்சு வேண்டும் என்று உத்தரவு! கம்பெனிகள் பதறின. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி கேத்தரின் டாய் அந்த மாதமே இந்தியா வந்தபோது மந்திரி பியூஷ் கோயலிடம் இதைக் கிளப்பினார். அதற்கு முன்பே உத்தரவு நவம்பர் வரை தள்ளிப்போடப்பட்டிருந்தது. கடைசியில் லைசென்சு என்பது ஆன்லைன் அனுமதி என்று மெலிந்தது. ஆனாலும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. நவம்பரில் மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் 27 கம்பெனிகளுக்குத் திட்டத்தில் இடம் கொடுத்தார். லெனோவா, ஏசர் பெயர்களும் பேசப்பட்டன.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்களே, அந்த மாதிரி. ஒரு கையில் கட்டுப்பாடு, மறு கையில் ஊக்கத்தொகை. அடுத்த வருஷம் புதுச்சேரி சர்வர் அறிவிப்பு வந்தது.

பட்டறைக்கு என்ன?

சரி, தட்டாஞ்சாவடிக்கு வருவோம்.

சர்வரில் விலை கூடிய சாமான் சில்லும் மெமரியும். அதெல்லாம் தைவான், கொரியா, அமெரிக்கா என்று வெளியிலிருந்து வருபவை. அதைத் தட்டாஞ்சாவடியில் செய்ய முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வெளிக்கூடு தகடு. உள்ளே பிடிப்புக் கட்டை. அலமாரியில் சறுக்கி ஏற ரெயில். விசிறிக்கு வலை. அட்டைப்பெட்டி, உள்ளே அதிர்ச்சி தாங்கும் அடைப்பு. இதெல்லாம் தகடு பட்டறையும் மோல்டிங் ஷெட்டும் செய்கிற வேலைதான்.

ஊக்கத்தொகைத் திட்டத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்நாட்டில் செய்த பாகங்களைச் சேர்த்தால் கம்பெனிக்குக் கிடைக்கும் தொகை கூடும். அந்தப் பாகங்களில் வெளிக்கூடும் ஒன்று. உதிரிபாகத் தயாரிப்புக்கு என்றே 2025 மார்ச்சில் 22 ஆயிரத்து 919 கோடி ரூபாயில் தனித் திட்டமும் வந்தது. ஆக, பக்கத்து ரோட்டில் வாங்கினால் கம்பெனிக்கும் லாபம்.

அப்புறம் என்ன தடங்கல்? தடங்கல் அளவில் இருக்கிறது. சர்வர் அலமாரிக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே அகலம்: 19 அங்குலம். பெங்களூரில் பூட்டினாலும் பெர்லினில் பூட்டினாலும் அதேதான். துளை கொஞ்சம் தள்ளிப் போனால் ரெயிலில் ஏறாது. ஆயிரம் பீஸ் செய்தால் ஆயிரமும் ஒன்றுபோல் இருக்கணும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் பழகிய கை, "சும்மா ஒரு தட்டுத் தட்டினா சரியாயிடும்" என்று சொல்லும். இங்கே அந்தக் கதை நடக்காது.

இன்னொன்று, யாரிடம் வாங்குவது என்பதைப் பெரிய கம்பெனிகளில் உள்ளூர் மேனேஜர் மட்டும் முடிவு செய்வதில்லை. கடல் கடந்த தலைமையகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெயர் ஏற மாதிரி கொடுக்கணும், சோதனை செய்வார்கள், தரச் சான்றிதழ் கேட்பார்கள். மாதக் கணக்கில் இழுக்கும். அதுவரை தகடுக்கும் கரண்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டுமே! மந்திரிகளும் கம்பெனித் தலைவர்களும் கைகுலுக்குகிற மேடையில் இந்தப் பட்டியலைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அங்கே எழுந்திருந்தால் வழுதாவூர் ரோட்டில் பலபேர் பிழைத்திருப்பார்கள்.

பட்டியலில் ஏறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் சாட்சி. நோக்கியா செல்போன் ஆலை 2006-ல் அங்கே தொடங்கியது. பல ஆயிரம் பெண்பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். கூடவே வந்த உதிரிபாகக் கம்பெனிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கம்பெனிகள். 2014 நவம்பர் 1-ந்தேதி ஆலை மூடியது. கூட வந்தவற்றில் சிலவும் மூட்டை கட்டின. சுற்றுவட்டாரப் பட்டறைகளிடம் அந்தத் தொழில் தங்கவில்லை.

பணம் வராவிட்டால்?

ஆர்டர் கிடைத்தவருக்கும் அடுத்த தலைவலி காத்திருக்கிறது. சரக்கு போகும், பணம் வராது! பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற இடைக் கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற பட்டறை என்று மூன்றாம் வரிசையில் நிற்பவருக்கு "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பதே பதில்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006-ம் வருஷத்து குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் போட்டார்கள். கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கிற வருஷம் வரை, வாங்கிய கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பெரிய இடத்து ஆடிட்டர்களே போன் போட்டு "உங்க பில்லு எங்கே?" என்று கேட்க வைத்த சட்டம் இது.

ஆனால் இந்தச் சலுகை பதிவு செய்தவருக்குத்தான். "உத்யம்" பதிவு 2020 ஜூலை 1-ந்தேதி வந்தது. ஆதார், பான், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் ஆன்லைனில் போடலாம். 2025 ஏப்ரல் முதல் எந்திரத்தில் இரண்டரைக் கோடி, விற்பனையில் 10 கோடி வரை உள்ளவர் குறுந்தொழில்காரர். 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில்காரர். தட்டாஞ்சாவடி ஷெட்டுகளுக்கு இந்த வரம்பு தாராளம். பாக்கி வராதவர் ஆன்லைனில் புகார் போடலாம். அது அந்தந்த மாநில, யூனியன் பிரதேச வசதிக் கவுன்சிலுக்குப் போகும்.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதற்கும் புரோக்கர் பிடித்து ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டிய மாவட்டத் தொழில் மையம் தட்டாஞ்சாவடியிலேயே இருக்கிறது. பட்டறையிலிருந்து நடந்தே போய்விடலாம்.