சங்கொலி கேட்டால் குப்புறப் படு!

இருட்டில், ஆளரவமில்லாத கடற்கரையில், திடீரென்று சங்கொலியும் முரசொலியும் நெருங்கி வந்தால் என்ன செய்வது?

ஹவாய்த் தீவுக்காரர்களிடம் பதில் தயார்: குப்புறப் படுக்க வேண்டும், தலையைத் தூக்கிப் பார்க்கவே கூடாது! வருவது இரவு ஊர்வலம். செத்துப்போன வீரர்கள் கையில் தீப்பந்தத்தோடு, தங்கள் தலைவனைச் சூழ்ந்து, பழைய பாதையிலேயே நடக்கிறார்கள் என்பது நம்பிக்கை. இது வெறும் பேய்க்கதை அல்ல. பழைய ஹவாயில் மிக உயர்ந்த தலைவர்கள் வரும்போது மக்கள் தரையில் விழுந்து கிடக்க வேண்டும். மீறினால் மரண தண்டனை. அந்தச் சட்டம்தான் ஆவிகளின் ஊர்வலத்திலும் தொடர்கிறது. தப்பிக்க ஒரு வழி உண்டு. ஊர்வலத்தில் சொந்தப் பாட்டன் பூட்டன் யாராவது இருந்து, ‘இது நம்ம பிள்ளை’ என்று சொல்லிவிட்டால் போதும்.

ஹவாயின் கடலோர ஊர்களில், வழிகாட்டியின் பின்னால் இரவில் நடந்தபடி இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கும் ‘ஆவி உலா’க்கள் உண்டு. அதற்கு வாகான ஊர் கைலுவா-கோனா. தீவுகளை ஒரே அரசாக்கிய மன்னர் முதலாம் கமேஹமேஹா 1819இல் இங்கேதான், கடலோரத்தில் காலமானார். எலும்புகளில் ‘மனா’ என்ற தெய்விக ஆற்றல் தங்கியிருக்கும் என்பது ஹவாய் மக்களின் நம்பிக்கை. அவை பகைவர் கையில் சிக்கக் கூடாதே! நம்பிக்கைக்குரியவர்கள் மன்னரின் எலும்புகளை ரகசியமாக எடுத்துப்போய் மறைத்துவிட்டார்கள். எங்கே என்பது இன்றுவரை வெளியே வரவில்லை.